ஏழை ஆவதற்கு 570 டாலர் குறைகிறது

மணிக்கு 7 டாலர் 25 சென்ட். அமெரிக்க மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலி இது. கடைசியாக உயர்ந்தது 2009 ஜூலையில். மிசிசிப்பி மாநிலம் தனக்கென்று ஒரு கூலிச் சட்டம் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே அங்கே இதுதான் அடித்தளம். வாரம் 40 மணி நேரம், வருடம் 52 வாரம், ஒரு நாள்கூட லீவு போடாமல் ஓர் ஆள் உழைத்தால் ஆண்டுச் சம்பளம் 15,080 டாலர்.

2025-ம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுக்கு அரசு மானியம் வேண்டுமென்றால், மிசிசிப்பியில் தனி ஆள் ஒருவருக்குக் குறைந்தபட்சம் வறுமைக் கோட்டளவு, அதாவது 15,060 டாலர், வருமானம் இருக்கவேண்டியிருந்தது. இருபது டாலர் வித்தியாசத்தில் நம் ஆள் கரையேறினார். பிறகு விலைவாசியைக் கணக்கில் எடுத்து வறுமைக் கோட்டை 15,650 டாலருக்கு உயர்த்தினார்கள். கூலியை உயர்த்தவில்லை. 2026-ம் ஆண்டுக் காப்பீட்டுக்கு இந்தப் புதுக் கோடுதான் அளவுகோல். அதே ஆள், அதே வேலை, அதே உழைப்பு. 570 டாலர் குறைகிறது. மானியம் கிடையாது.

இந்த இடத்தில் வாசகர் திரும்பப் போய் ஒருமுறை படிக்கக்கூடும். வருமானம் குறைவாக இருப்பதாலா மானியம் மறுக்கப்படுகிறது? ஆமாம், குறைவாக இருப்பதால்தான். கொஞ்சம் ஏழையாக இருந்தால் அரசு கைகொடுக்கும். ரொம்ப ஏழையாக இருந்தால் கிடையாது. அச்சுப்பிழை இல்லை, அமெரிக்காவின் பத்து மாநிலங்களில் இன்று இருக்கும் நிலை இதை ஒட்டியதுதான்.

இது எப்படி நேர்ந்தது, இதற்குள் ஒரு கிராமத்து ஆள் எப்படி வழி தேடுகிறார் என்று பார்க்க, மிசிசிப்பியின் பொலிவர் கவுன்ட்டிக்குப் போகலாம். இது போன்ற கிராமத்துக் கவுன்ட்டி ஜனத்தொகையில் நம் தாலுகா அளவுகூட வராது. ஆனால் அமெரிக்கக் காப்பீட்டில் எந்தக் கவுன்ட்டியில் வீடு இருக்கிறது என்பது உங்கள் வயதுக்கு இணையான விஷயம். கம்பெனிகள் கவுன்ட்டி பார்த்துத்தான் கடை விரிக்கின்றன.

பொலிவர் இருப்பது டெல்டாவில். டெல்டா என்றதும் நமக்குக் காவிரியும் கடலும் நினைவுக்கு வரும். மிசிசிப்பி டெல்டா கடலுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. மெம்பிஸுக்குத் தெற்கே விக்ஸ்பர்க் வரை, மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் வண்டல் சமவெளி அது. பருத்திக்கும் ப்ளூஸ் பாட்டுக்கும் பெயர்போனது. பொலிவர் அதன் மேற்கு விளிம்பு. ஆற்றைத் தாண்டினால் ஆர்கன்சா மாநிலம். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 31 ஆயிரத்தைத் தொடவில்லை. பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள். ஏறக்குறைய மூவரில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே.

அங்கே ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்வோம். 58 வயது. வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சமைத்துவைத்து வரும் வேலை. சின்ன ஏஜென்சி, 50 முழுநேர ஆட்களுக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிக்குக் காப்பீடு தரவேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். இவருக்குச் சர்க்கரை இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது. 65 வயதானால் முதியோருக்கான அரசுக் காப்பீடு, மெடிகேர், வந்துவிடும். ஏழு வருடம் ஓட்டவேண்டும்.

*

இவருடைய பாட்டி காலத்தில் இதே கவுன்ட்டியில் ஒரு காப்பீடு இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை.

பொலிவருக்குள் மவுண்ட் பாயூ என்று ஓர் ஊர். அடிமையாகப் பிறந்த ஐசையா மாண்ட்கோமரியும் அவர் கூட்டத்தாரும் 1887-ல் காட்டை வெட்டி உண்டாக்கிய கறுப்பர் நகரம். டெல்டாவின் ஆஸ்பத்திரிகளில் கறுப்பர்களுக்குப் பின்வாசல். பல இடங்களில் அதுவும் இல்லை. 1938-ல் 'நைட்ஸ் அண்ட் டாட்டர்ஸ் ஆஃப் டேபர்' என்ற கறுப்பர் சகோதர சங்கம் தனக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கட்டக் கிளம்பியது. 1942-ல் டேபோரியன் ஆஸ்பத்திரி திறந்தது. தலைமை அறுவை சிகிச்சையாளர், பின்னாளில் கறுப்பர்களின் குடிமை உரிமைப் போராட்டத்தில் பெயர் வாங்கிய டாக்டர் டி. ஆர். எம். ஹோவர்ட்.

சந்தா வருடத்துக்கு 8 டாலர் 40 சென்ட். குழந்தைக்கு 1 டாலர் 20 சென்ட். அதைக் கட்டிய உறுப்பினருக்கு, ஆபரேஷன் உட்பட, 31 நாள் வரை படுக்கை. கட்டியவர்களில் பெரும்பாலோர் வாரக் குத்தகைக்கும் பருத்திக் கூலிக்கும் நின்றவர்கள். வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை, மானியம் இல்லை, அரசு இல்லை. நம் ஊர்ச் சீட்டுக்காரர்கள் இந்த ஏற்பாட்டை ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார்கள்: நூறு பேர் கட்டுவது, பத்துப் பேர் படுப்பது.

அது ஏன் நிலைக்கவில்லை? பருத்தி பறிக்க இயந்திரம் வந்தது. சந்தா கட்டிய கைகள் ரயிலேறிச் சிகாகோ போயின. மருத்துவச் செலவு ஏறியது. 1965-ல் முதியோருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிக்கெய்ட் என்று அரசுக் காப்பீட்டுச் சட்டங்கள் வந்தன. 1967-ல் டேபோரியன் மத்திய அரசுப் பணத்தின் கீழ்ப் போய்ப் பெயர் மாறியது. பெயர் மாறிய அந்த ஆஸ்பத்திரியில்தான் 1977 மார்ச்சில் ஃபானி லூ ஹேமர் இறந்தார். ஓட்டுரிமைக்காக அடிபட்டுச் சிறை போன டெல்டாவின் மகள். 1983-ல் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். பின்னாளில் மத்திய அரசு நிதியில் கட்டடத்தைப் புதுப்பித்து அவசர சிகிச்சை மையமாகத் திறந்தார்கள். ஒரு வருடம் போல ஓடியது. திரும்பவும் பூட்டு.

*

இப்போது சட்டத்துக்கு வருவோம். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

2010 மார்ச் 23-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், காப்பீடு இல்லாதவர்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. வறுமைக் கோட்டைப்போல 1.38 மடங்கு வரை வருமானம் உள்ளவர்களுக்கு மெடிக்கெய்ட்: அரசே நடத்தும் இலவசக் காப்பீடு. அதற்கு மேல், கோட்டின் நான்கு மடங்கு வரை உள்ளவர்கள் இதற்கென்று அமைத்த காப்பீட்டுச் சந்தையில் தனியார் பாலிசி வாங்கட்டும். பிரீமியத்தில் பெரும்பகுதியை அரசு கட்டும். மானியத்துக்குக் கீழ் வரம்பாக வறுமைக் கோட்டையே வைத்தார்கள். அதற்கும் கீழே இருப்பவர்தான் மெடிக்கெய்டில் இருப்பாரே, அவருக்கு மானியம் எதற்கு என்ற எண்ணம்.

2012 ஜூன் 28-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைக் காப்பாற்றியது. ஆனால் மெடிக்கெய்டை விரிவாக்குமாறு மாநிலங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, அது அவரவர் இஷ்டம் என்றது. இரண்டு பலகை போட்டுக் கட்டிய பாலத்தில் ஒரு பலகையை உருவிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்த மாதிரி ஆயிற்று. மிசிசிப்பி உருவிக்கொண்டது. டெக்ஸஸ், ஃப்ளாரிடா, ஜார்ஜியா, அலபாமா, டென்னஸி என்று தெற்கே வரிசையாக. விரிவாக்கத்தின் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே தருகிறது என்பது தெரிந்தும்.

மிசிசிப்பியின் பழைய மெடிக்கெய்டில் குழந்தைக்கு இடம் உண்டு, கர்ப்பிணிக்கு உண்டு, உடல் ஊனமுற்றவருக்கு உண்டு. பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்கு வருமான உச்சவரம்பு வறுமைக் கோட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிள்ளை இல்லாத, அல்லது பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பெரியவருக்கு ஒன்றுமே இல்லை. ஒரு சென்ட் வருமானம் இல்லாவிட்டாலும் இல்லை. நம் பெண்மணி இருப்பது அந்தப் பட்டியலில்.

இந்த இடைவெளியில் விழுந்து கிடப்பவர்கள் மிசிசிப்பியில் மட்டும் ஏறக்குறைய 70 ஆயிரம் பேர். நாடு முழுக்க 14 லட்சம் பேர் என்கின்றன ஆய்வு மதிப்பீடுகள். 2024-ல் மிசிசிப்பி கீழவை, குடியரசுக் கட்சியினர் கையில் இருந்தும், 98-க்கு 20 என்ற ஓட்டில் விரிவாக்க மசோதாவை நிறைவேற்றியது. பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். மேலவையோடு பேச்சுவார்த்தை நடந்தது. வேலை செய்தால்தான் காப்பீடு என்ற நிபந்தனையில் இழுபறியாகி, மே மாதம் மசோதா செத்தது. ஆளுநர் டேட் ரீவ்ஸ் ஆரம்பத்திலிருந்தே எதிர்ப்பு.

*

பொலிவரிலிருந்து தெற்கே இறங்கினால் கிரீன்வில். அங்கே ஆற்றின் குறுக்கே 2010-ல் திறந்த பெரிய பாலம், கம்பிகள் தாங்கி நிற்பது. அக்கரையில் ஆர்கன்சாவின் சீகோ கவுன்ட்டி, லேக் வில்லேஜ் என்ற சின்ன ஊர். அதே வண்டல், அதே பருத்தி, அதே வறுமை. பாலத்தைக் கடக்கச் சில நிமிடங்கள்.

ஆர்கன்சாவும் பழமைவாத மாநிலம்தான். ஆனால் 2013-ல் ஜனநாயகக் கட்சி ஆளுநர் மைக் பீபியும் குடியரசுக் கட்சி சட்டமன்றமும் ஒரு தந்திரம் செய்தார்கள். மெடிக்கெய்டை விரிவாக்கினால் 'அரசு வளர்கிறது' என்று வாக்காளர் கோபிப்பார். சரி, மெடிக்கெய்ட் பணத்தை எடுத்து ஏழைக்குச் சந்தையிலேயே தனியார் பாலிசி வாங்கிக் கொடுத்துவிடலாம். 'பிரைவேட் ஆப்ஷன்' என்று பெயர். அங்கே செலவு ஒதுக்கீட்டுக்கு இரு அவையிலும் நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும், அப்படியிருந்தும் நிறைவேறியது. காலப் கருத்துக்கணிப்பின்படி 2013-ல் 22.5 சதவீதம் பேர் காப்பீடு இல்லாமல் இருந்தார்கள். 2015-ல் அது 10 சதவீதத்துக்கும் கீழே வந்தது. நாட்டிலேயே மிகப் பெரிய இறக்கங்களில் ஒன்று.

நம் பெண்மணியை அக்கரையில் குடிவைத்துப் பார்ப்போம். ஆர்கன்சாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11 டாலர். முழு வருடம் உழைத்தால் 22,880. மெடிக்கெய்ட் வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறார், ஆகவே சந்தையில் மானியம். 2026 கணக்கில் 'சில்வர்' என்ற வகைப் பாலிசிக்கு (விவரம் பின்னால் வரும்) அவர் பங்கு மாதம் 75 டாலர் போல. வேலை குறைந்து வருமானம் அந்த வரம்புக்குக் கீழே போனால் பிரீமியமே இல்லாத மெடிக்கெய்ட் வழி. எந்தப் பக்கம் விழுந்தாலும் கீழே ஒரு வலை. குடிபெயர்ந்து போன வாரமே விண்ணப்பிக்கலாம். மாநிலத்தில் இத்தனை காலம் வசித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆனால் இவர் குளிப்பாட்டும் கிழவர்கள் இக்கரையில் இருக்கிறார்கள். அம்மாவின் கல்லறையும் இக்கரையில்.

ஆர்கன்சாவைச் சொர்க்கமாக்கிவிட வேண்டாம். 2018 ஜூனில் அந்த மாநிலம் ஒரு விதி கொண்டுவந்தது: மெடிக்கெய்டில் இருப்பவர் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததை நிரூபிக்கவேண்டும். நிரூபிப்பது எங்கே? இணையத்தில். இணைய வசதியில் நாட்டின் கடைக்கோடியில் இருந்த மாநிலம் அது. இன்னொரு வேடிக்கை, அந்த இணையதளம் தினமும் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத்தான் திறக்கும். கடைக்கு ஷட்டர் போடுவதுபோல் வெப்சைட்டுக்கு ஷட்டர். பகல் முழுக்க வயலிலும் கடையிலும் நிற்கிறவர் இரவில் வேலை நேரத்தைப் பதிவு செய்ய முடியாது. சில மாதங்களில் 18 ஆயிரம் பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பர்க் விதியைத் தடுத்தார். 2025 ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, இதே 80 மணி நேர விதி 2027 ஜனவரி முதல் மெடிக்கெய்டை விரிவாக்கிய மாநிலங்களுக்கெல்லாம் வருகிறது.

*

சரி, வருமானம் எப்படியோ கோட்டைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிராமத்துக் கவுன்ட்டியில் வாங்க என்ன இருக்கிறது?

ஒரு காலத்தில் எதுவுமே இல்லாமல் போகும்போலிருந்தது. மிசிசிப்பியின் காப்பீட்டு ஆணையர் மைக் சேனி, குடியரசுக் கட்சிக்காரர், மாநிலமே தன் சந்தையை நடத்தட்டும் என்று எல்லா ஏற்பாட்டையும் செய்தார். அதே கட்சி ஆளுநர் ஃபில் பிரையன்ட் ஒத்துழைக்க மறுத்தார். 2013 பிப்ரவரியில் மத்திய அரசு சேனியின் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. சந்தை திறக்கவிருந்த அந்த வருடம் மாநிலத்தின் 82 கவுன்ட்டிகளில் 36-ல் பாலிசி விற்க ஒரு கம்பெனிகூட முன்வரவில்லை. கடைசி நேரத்தில் ஹியூமானா வந்து அந்தப் பள்ளத்தை நிரப்பியது. 2017 முடிந்ததும் அது கிளம்பிவிட்டது. 2018-ல் மாநிலம் முழுக்க ஒரே கம்பெனி. அந்த வருடம் அமெரிக்கக் கவுன்ட்டிகளில் ஏறக்குறைய பாதிக்கு இதே கதை. ஒஹையோவின் பால்டிங் கவுன்ட்டியில் சந்தையில் இருந்தவர்கள் 334 பேர். அவர்களுக்குப் பாலிசி தர ஆள் இல்லை என்று 2017 ஆகஸ்ட் வரை தேசமே பேசிக்கொண்டிருந்தது.

கம்பெனிக்கு ஏன் கிராமம் பிடிக்காது? ஆள் குறைவு, வயது அதிகம், வியாதி அதிகம். முக்கியமாக, ஊரில் இருப்பது ஓர் ஆஸ்பத்திரி. நகரத்தில் நாலு ஆஸ்பத்திரியை மோதவிட்டு விலை பேசலாம். ஒற்றை ஆஸ்பத்திரி சொன்னதுதான் விலை; அதுவும் இழுத்து மூடும் நிலையில் இருக்கும். அதே டெல்டாவின் லெஃப்ளோர் கவுன்ட்டியில் கிரீன்வுட் ஆஸ்பத்திரி 2022-ல் பிரசவப் பிரிவையே நிறுத்தியது. பாலிசி கையில் இருக்கிறது, பட்டியலில் இருக்கும் டாக்டர் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறார் என்பது டெல்டாவில் சாதாரணம்.

விலை அதிகமான இடத்தில் மானியமும் அதிகம் என்பதுதான் இந்தச் சந்தையின் விசித்திரம். கவுன்ட்டியில் விற்கும் சில்வர் பாலிசிகளில் இரண்டாவது மலிவானது எதுவோ, அதற்கு நீங்கள் உங்கள் வருமானத்தில் இத்தனை சதவீதம் கட்டினால் போதும், மீதி அரசு. பிரீமியம் 600 ஆனாலும் 1,200 ஆனாலும் மானியம் பெறும் ஏழையின் பங்கு மாறாது. மானியம் கிடைக்காதவர் தலையில்தான் முழுதும் இடி. நம் பெண்மணி வயதில் பிரீமியம் இளைஞரைப்போல இரண்டரை மடங்கு ஆகும். மானியம் இல்லாமல் கட்டினால் அவர் ஆண்டுச் சம்பளத்தில் பாதிக்கும் மேல் அதற்கே போய்விடும்.

பாலிசிகளுக்கு உலோகப் பெயர்கள்: பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம். பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர் பலர். மாதம் ஒன்றும் கட்டவேண்டாம் என்று பிரான்ஸ் பாலிசி கண்ணடிக்கும். ஆனால் காப்பீடு தன் பங்கைக் கொடுக்கத் தொடங்குமுன் நீங்கள் கைக்காசு போடவேண்டிய 'டிடக்டபிள்' அதில் சராசரியாக 7,000 டாலருக்கு மேல். ஆண்டுக்கு 16 ஆயிரம் சம்பாதிப்பவருக்கு அது காப்பீடே அல்ல, ஒரு பிளாஸ்டிக் அட்டை. வறுமைக் கோட்டின் ஒன்றரை மடங்குக்குள் இருப்பவர் சில்வர் வாங்கினால், சட்டப்படி அதன் உள்ளடக்கம் பிளாட்டினத்தைவிட உயர்ந்ததாக மாறும். நூறு டாலர் மருத்துவச் செலவில் சராசரி 94 டாலரைக் கம்பெனி ஏற்கும். இந்தச் சலுகை சில்வருக்கு மட்டும். கோல்டு வாங்கினாலும் கிடைக்காது. இதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரவேண்டும்.

சொல்லித்தரத்தான் 'நேவிகேட்டர்' என்று வழிகாட்டிகளை அரசு வைத்தது. தேவாலயத்திலும் நூலகத்திலும் மேஜை போட்டு உட்கார்வார்கள், கமிஷன் கிடையாது. 2024-ல் இவர்களுக்கு நாடு முழுக்க 9 கோடியே 80 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். 2025 பிப்ரவரியில் அதை ஆண்டுக்கு ஒரு கோடியாக வெட்டினார்கள். வழிகாட்டி போன இடத்தில் போன் அழைப்பு வரும். 6,400 டாலர் கார்டு தருகிறோம் என்று ஆசைகாட்டிய விளம்பரங்கள் சமூக ஊடகம் முழுக்கச் சுற்றின. அப்படி ஒரு கார்டு எந்தச் சட்டத்திலும் இல்லை. எண்ணைக் கொடுத்தவர்களில் பலரைக் கேட்காமலே வேறு பாலிசிக்கு மாற்றிவிட்ட ஏஜென்டுகள் உண்டு. காப்பீடு மாதிரியே தோன்றி, பழைய வியாதிக்குப் பணம் தராத குறுகிய காலப் பாலிசிகளும், கொடுப்பதாக எந்தச் சட்டக் கடமையும் இல்லாத மதவழிப் 'பகிர்வு'த் திட்டங்களும் தனி. கிராமத்தில் இவற்றுக்கு வியாபாரம் நன்றாக நடக்கிறது. மலிவு என்ற ஒரு சொல் போதும்.

*

நல்ல வழிகாட்டி ஒருவர் கிடைத்தால் உரையாடல் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். வருமானத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு அவர் பேனாவைக் கீழே வைப்பார்.

"வேற ஏதாவது செய்றீங்களாம்மா? பிள்ளை பார்த்துக்கறது, தலை பின்னி விடறது, கேக் செஞ்சு விக்கறது?"

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு ஸ்வீட் பொட்டேட்டோ பை செஞ்சு தருவேன். காசு தருவாங்க. அதெல்லாம் வருமானமா?"

"வருமானம்தான். எழுதி வைங்க."

உலகம் முழுக்க மனிதர்கள் அரசாங்கத்திடம் வருமானத்தை மறைக்கிறார்கள். மிசிசிப்பியின் ஏழைகள் மட்டும் இருக்கிற வருமானத்தைத் துருவித் துருவிக் கண்டுபிடித்துக் காட்டவேண்டியிருக்கிறது. பை விற்ற 570 டாலருக்குச் சுயதொழில் வரி சுமார் 80 டாலர். அந்த வரியில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துவிடுவார்கள், ஆகவே கோட்டைத் தொட இன்னும் கொஞ்சம் பை சுடவேண்டும். சுட்டால், 2026-ல் மாதம் 27 டாலர் சொச்சத்துக்கு 94 சதவீத சில்வர் பாலிசி. பல்லாயிரம் டாலர் பெறுமானம், சில டஜன் பையில் தொங்குகிறது. இல்லாத வருமானத்தை எழுதச் சொல்லி எந்த நல்ல வழிகாட்டியும் சொல்லமாட்டார். விண்ணப்பத்தில் பொய் சொன்னால் தண்டனை என்று அறிந்துதான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

2021 முதல் 2025 வரை அந்த 27 டாலரும் இல்லை. கோவிட் காலத்தில் வந்த கூடுதல் மானியம் வறுமைக் கோட்டின் ஒன்றரை மடங்கு வரை பிரீமியத்தைச் சுழியமாக்கியது. 2020-ல் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த மிசிசிப்பிச் சந்தை, 2025-ல் 3 லட்சத்தைத் தாண்டியது. இந்தச் சட்டத்தைக் குறை சொல்கிறவர்கள் இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். விலை இறங்கியபோது ஜனங்கள் ஓடிவந்து வாங்கினார்கள். விமர்சகர்கள் இதில் மோசடி இருக்கிறது, கோட்டுக்குச் சற்று மேலே இத்தனை பேர் எப்படிக் குவிந்தார்கள் என்று கேட்டார்கள். கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று வைத்துவிட்டு, ஏன் எல்லோரும் கோட்டின் மேலே நிற்கிறார்கள் என்று கேட்பது என்ன நியாயமோ.

அந்த மானியத்தை நீட்டிப்பதா என்ற சண்டையில்தான் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அமெரிக்க அரசே மூடிக்கிடந்தது. அரசு திறந்தது. மானியம் நீளவில்லை, டிசம்பர் 31-ல் காலாவதியானது.

மேல் விளிம்பிலும் ஒரு பள்ளம் திரும்பி வந்திருக்கிறது. வறுமைக் கோட்டின் நான்கு மடங்கு, தனி ஆளுக்கு 62,600 டாலர், இருவருக்கு 84,600. அதற்கு ஒரு டாலர் மேலே போனால் முழு மானியமும் போகும். இதில் மாட்டுபவர் டெல்டாவின் சோயா, பருத்தி விவசாயி, அறுபது வயதுத் தம்பதி. விவசாயிக்கு டிசம்பரில் என்ன வருமானம் என்பது ஜனவரியில் எப்படித் தெரியும்? பழைய டிராக்டரை விற்ற லாபமும் கணக்கில் ஏறும். முன்பு தவறாக மதிப்பிட்டு வாங்கிய மானியத்தில் இவ்வளவுக்குமேல் திருப்பித் தரவேண்டாம் என்று நடுத்தர வருமானத்துக்குக் கீழே ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 வரியாண்டிலிருந்து அதுவும் இல்லை. விளைச்சல் நன்றாக இருந்துவிடுமோ என்று கணக்குப்பிள்ளையிடம் போய்ப் பயப்படும் விவசாயியை நான் இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

*

மவுண்ட் பாயூவில் இன்னொரு வாசல் உண்டு. 1960-களின் மத்தியில் டாக்டர் ஜாக் கைகரும் ஜான் ஹாட்ச்சும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெயரில் மத்திய அரசுப் பணம் வாங்கி அங்கே டெல்டா ஹெல்த் சென்டரைத் தொடங்கினார்கள். நாட்டின் முதல் கிராமச் சமுதாய மருத்துவ நிலையம் அதுதான். பசியால் நோயான குழந்தைகளுக்கு டாக்டர்கள் மருந்துச் சீட்டில் பால், காய்கறி, இறைச்சி என்று எழுதினார்கள். மளிகைக்கடை அந்தச் சீட்டுக்குச் சாமான் கொடுத்து, மருந்தகக் கணக்கில் பணம் வாங்கியது. வாஷிங்டனிலிருந்து வந்த அதிகாரி ஆட்சேபித்தபோது, ஊட்டக்குறைவுக்கு மருத்துவப் புத்தகத்தில் போட்டிருக்கும் மருந்து உணவுதான் என்று கைகர் பதில் சொன்னார். இன்று இந்த மாதிரி நிலையங்கள் நாடு முழுக்க 3 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்க்கின்றன.

அங்கே கட்டணம் வருமானத்துக்கேற்ற படிக்கட்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே என்றால் பெயரளவுக்கு ஒரு தொகை. நம் பெண்மணி தன் 15,080 டாலர் சம்பளச் சீட்டைக் காப்பீட்டு இணையதளத்தில் காட்டினால், போதாது, போ என்கிறது. அதே சீட்டை அதே ஊரில் இந்த வாசலில் காட்டினால் அதிகபட்சத் தள்ளுபடி. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கிடைத்துவிடும். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் வெளியே அனுப்பவேண்டியதுதான். புற்றுநோய் சிகிச்சையும் ஆபரேஷனும் இங்கே இல்லை.

இனி அவர் ஏஜென்சி முதலாளியிடம் கேட்டுப் பார்க்கலாம்: வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓவர்டைம். வீட்டுப் பராமரிப்புப் பணியாளருக்கு ஓவர்டைம் உரிமையே 2015-ல்தான் வந்தது. அதைத் திரும்பப் பெறலாம் என்று தொழிலாளர் துறை 2025 ஜூலையில் யோசனை வைத்திருக்கிறது. இப்போதைக்கு உண்டு. ஒன்றரைக் கூலி, மணிக்கு 10 டாலர் 87 சென்ட் சொச்சம். 52 வாரத்துக்குப் பெருக்கினால் 565 டாலர் 50 சென்ட்.

இன்னும் நாலரை டாலர் குறைகிறது.